கருவாட்டுக் கொட்டகையில் உறைந்த டோஃபு

1

இனியா பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நானாக அந்த நாளை நினைவில் வைத்திருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஜெர்மனியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது, விழுப்புரத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எம் பொண்ணு திடீர்னு கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டேங்குறா. பயமா இருக்குது. உங்க பொண்ணும் அப்படித்தானாமே? நீங்க என்னா பண்ணீங்க?"

"டோஃபு செஞ்சு குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் சிலருக்கே அந்த மீதி தெரியாது.

என் பெயர் ஜெயா. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தேன். அண்ணாமலை நகரில் படிக்கும்போது கீரப்பாளையத்து விவசாயக் குடும்பத்து ரவியைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், இனியா. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

2

முந்தின குளிர்காலத்தில் பள்ளியிலிருந்து அவளை மாடு, கோழி வளர்க்கும் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைக்கு வீடு திரும்பியவள், இனிமேல் உயிருள்ள எதையும் சாப்பிட மாட்டேன், பால் முட்டைகூட வேண்டாம் என்றாள். ஒரு வாரத்தில் மாறிவிடும் என்று ரவி சொன்னார். மாறவில்லை.

அவளாகவே கடையில் டோஃபு வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தாள். சோயாப் பாலைத் திரித்துச் செய்த வெள்ளைக் கட்டி. தண்ணீரில் மிதந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வந்தது. ரப்பர் மாதிரி இருக்கிறது, இதைத் தின்றா உடம்பு வளரும் என்று கேட்டேன். ஒருநாள் மீன் குழம்புக் கொதியில் அதை வெட்டிப் போட்டு, "இந்தா, உன் டோஃபு" என்று வைத்தேன். அவள் மோந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். இன்னொரு நாள் பிரிக்காத பாக்கெட்டை அப்படியே குப்பையில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

எங்கள் குப்பத்தில் மீன் இல்லாத சோறு என்பது துக்க வீட்டில்தான். சத்து என்றால் எனக்கு மீன்தான். பருப்பையும் சுண்டலையும் அவள் சாப்பிடத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் நான் நின்றுகொண்டு பேசிய பேச்சில் அவளுக்கு எதுவும் இறங்காமல் போயிற்று. இரண்டு கவளம் சோறு, அரை ரொட்டி. இப்படியே ஐந்து மாதம்.

ஜூனில் மைதானத்தில் விழுந்தாள். பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் ஐம்பது பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. பள்ளி ஆலோசகர் ஒரு அம்மாள் என்னைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

பதற்றத்தில் எனக்கு முதலில் வருவது தமிழ்தான். "வீட்டுல சாப்பிட முடியாதுங்குறா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அதை அப்படியே ஜெர்மனுக்கு மாற்றினேன். நம் பேச்சில் ஒரு பிள்ளை முடியாது என்று சொன்னால் அது பிடிவாதம். அவர்கள் மொழியில் நான் போட்ட சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. இந்தப் பெண்ணால் வீட்டில் சாப்பிட இயலவில்லை, அதற்கு வழியில்லை என்றுதான் அந்த அம்மாளின் காதில் விழுந்தது. அவர் பேனாவை எடுத்து எழுதினார். அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். நானும் முட்டாள்தனமாக அதையே அழுத்தமாகச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் குழந்தைகள் நலனைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

3

அந்த அலுவலகத்தைப் பற்றி இங்கே இருக்கும் நம் ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ யாருக்கோ சொன்ன கதைகள். எது உண்மை, எது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. கடிதத்தை ரவி நான்கு தடவை படித்தார். நான் படிக்கவே இல்லை.

போனோம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அதிகாரி அம்மாள். கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. வார்த்தைத் தவறு என்று ரவி விளக்கினார். எழுதிக்கொண்டார். இனியாவிடம் கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். மருத்துவர் கொடுத்த தாளில் இரும்புச்சத்து குறைவு, எடை குறைவு, புரதம் போதவில்லை என்று இருந்தது. செடியிலிருந்து வரும் உணவிலேயே எல்லாம் கிடைக்கும், சோயாவையும் பருப்பையும் ஒழுங்காகக் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தார். கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். தாராளமாகப் போய் வாருங்கள் என்றார் அந்த அம்மாள். செப்டம்பரில் மறுபடி பார்ப்போம், அதற்குள் எடை ஏற வேண்டும், குறைந்தால் நாம் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும் என்று எங்கள் பெயர் எழுதிய கோப்பை மூடினார்.

வேறு மாதிரி என்றால் என்ன என்று கேட்க என் ஜெர்மன் போதவில்லை. ரவிக்குப் போதும். அவரும் கேட்கவில்லை.

4

ரவிக்கு விடுப்பு கிடைக்காததால் நானும் இனியாவும் மட்டும் போனோம். தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வரும் சமயம். அண்ணன் வீட்டில் காலையிலிருந்து மீன்தான். என் அண்ணன் தனசேகர் அதிகம் பேசாத மனுஷன். அண்ணி மல்லிகா வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டுக் கருவாடு காயவைத்து விற்கிறாள். இனியா வருகிறாள் என்று அண்ணன் அன்றைக்குக் கிடைத்ததில் நல்ல வஞ்சிரமாக ஒன்றை விற்காமல் எடுத்துவைத்திருந்தார்.

தட்டில் வறுத்த துண்டு விழுந்ததும் இனியா கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, காரமா? அத்தைய காரமில்லாம வறுக்கச் சொல்லட்டுமா?" என்றார் அண்ணன்.

இனியாவுக்குத் தமிழ் பேச வரும். ஆனால் அவளிடம் இருப்பது வீட்டுத் தமிழும் சினிமாத் தமிழும்தான். தேடித் தேடி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தாள். "நான் சாப்பிட மாட்டேன் மாமா. நீங்க மீனைக் கொலை பண்றீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கை கழுவிக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு இரண்டு நாள் அவள் இருக்கும் நேரத்தில் அவர் சாப்பிட உட்காரவில்லை.

டோஃபு தேடினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு கடையில் கேட்டேன், பன்னீரைக் காட்டினார்கள். பால் சேர்த்தது, அவள் தொட மாட்டாள். புதுச்சேரியில் கிடைக்கும் என்றார்கள். பஸ் பிடித்துப் போய் நான்கு பாக்கெட் வாங்கி வந்தேன். அந்த வெயிலில், கரண்ட் போய்ப் போய் வந்த ஃபிரிட்ஜில் அது மூன்றாம் நாளே புளித்துவிட்டது.

மருந்துக் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் அவளை ஏற்றினேன். வந்து பதினோரு நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தாள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த அதிகாரி கோப்பை மூடியதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அதைச் செய்தேன். அண்ணியின் கொட்டகையிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து, தலை கிள்ளி, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, நைசாக அரைத்துச் சலித்தேன். பருப்புப் பொடியில் பூண்டும் மிளகாயும் தூக்கலாகப் போட்டு அதோடு கலந்தேன். இனியா பருப்புப் பொடிச் சோறு மட்டும் விரும்பிச் சாப்பிடுவாள்.

"வேணாம் ஜெயா. தெரிஞ்சா அந்தப் புள்ள உன்னை நம்பாது" என்றாள் அண்ணி.

"தெரியாது அண்ணி."

"நாளைக்கு உனக்கு யாராவது இப்படிச் செஞ்சா?"

டப்பாவை மூடினேன்.

நான்கு நாள் சாப்பிட்டாள். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஐந்தாம் நாள் மதியம் மெல்லுவதை நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். சல்லடையில் தப்பிய முள், ஊசி முனை அளவுதான் இருந்தது. முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவள் வீட்டில் இல்லை. முதுகுப் பையும் இல்லை. போன் கட்டிலில் கிடந்தது.

5

கடல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளையைக் காணோம் என்றால் முதல் நினைப்பு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் செருப்பில்லாமல் கரைக்கு ஓடினேன். அவளுக்கு நீச்சல் குளம்தான் தெரியும், அலை தெரியாது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து இரண்டு பக்கமும் போனார்கள். "ஜீன்ஸ் போட்ட பொண்ணு, வெளிநாட்டுலேர்ந்து வந்த பொண்ணு" என்று ஆளாளுக்குக் கத்திக் கேட்பது காதில் விழுந்தது.

அண்ணன் படகை இறக்கப் போனவர் திரும்பி வந்தார். என்னைத் திட்டவில்லை. "அழுவாத. அழுதா வேலை ஆவாது. பஸ் ஸ்டாண்டு பாத்துட்டு வரேன்" என்று பைக்கை எடுத்தார். கொலைகாரன் என்று தன்னைச் சொன்ன பெண்ணுக்காக அவர் அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி இறங்கியதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ரவிக்குப் போன் செய்ய எண்ணை அழுத்திவிட்டு அணைத்தேன். மறுபடி அழுத்தி, மறுபடி அணைத்தேன். என்னவென்று சொல்வது? அந்த நரைமுடி அம்மாள் எதைச் செய்துவிடுவார் என்று பயந்தேனோ அதை நானே செய்து வைத்திருந்தேன். என் பிள்ளை என்னிடமிருந்து போய்விட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு ரவியின் அக்கா சுமதி போன் செய்தார். அவர் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்.

"ஜெயா, பதறாத. இனியா இங்கதான் இருக்கா. கண்டக்டர்கிட்ட சிதம்பரம், சிதம்பரம்னு சொல்லியே வந்து சேந்துட்டா. அட்ரஸ் எழுதிவெச்ச சீட்டு கையில இருக்குது. கடைத்தெருவுல எறங்கி சோயா பீன்ஸ் ரெண்டு கிலோ வாங்கிக்கிட்டு வந்திருக்குறா. என்னாத்துக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

கரையில் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் பைக்கில் என்னைக் கூட்டிப்போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சுமதி வீட்டு வரவேற்பறையில் இனியா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ பொய் சொன்ன" என்றாள்.

"உன் எடை கொறையுதுன்னு..."

"பொய் சொன்னம்மா. நான் கேட்டேன், இதுல என்ன இருக்குன்னு. பருப்பு மட்டும்தான்னு சொன்ன."

நான் மனசுக்குள் தயார் செய்துகொண்டு போயிருந்த காரணங்கள் நிறைய. அலுவலகம், கடிதம், மருத்துவர், என் பயம். எல்லாம் உண்மைதான். சுமதியும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன். "தப்புதான். மன்னிச்சுக்க இனியா. இனிமே உன் தட்டுல என்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியாம எதையும் வைக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அண்ணன் வாசலில் நின்றபடி தொண்டையைச் செருமினார். "அந்தப் பயறு எதுக்கும்மா?"

"டோஃபு செய்ய."

"எங்க செய்வ?"

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வூட்ல கிரைண்டர் இருக்குது. வா, போவலாம்" என்றார்.

6

பயறை ஊறவைத்து, மறுநாள் காலை கிரைண்டரில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து பாலெடுத்தோம். காய்ச்சும்போது அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தோம். திரிந்தது, ஆனால் துணியில் கட்டி அழுத்தியதும் தூள்தூளாகப் போயிற்று. இனியா முகம் சுருங்கிவிட்டது. சரியாக உறைய ஜப்பானில் ஊற்றுவார்களே ஒன்று, அது வேண்டும் என்றாள். போனில் தேடிப் படித்து, அரைகுறைத் தமிழில் என் அண்ணிக்கு விளக்கினாள். "கடல் உப்பு இருக்குல்ல அத்தை, அதிலேர்ந்து ஒரு தண்ணி வரும். கசப்பா இருக்கும்."

அண்ணி எழுந்தாள். "அட, இதுதானா?"

கருவாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். மூக்கைப் பொத்திக்கொண்டு இனியாவும் போனாள். மீனுக்குப் போடும் கல்லுப்பு மூட்டைகளை அண்ணி பலகை மேல் அடுக்கியிருப்பாள். கடற்காற்றின் ஈரத்தில் புது மூட்டை கசிந்துகொண்டே இருக்கும். தரை பாழாகாமல் இருக்க அடியில் ஒரு பேசின் வைத்திருந்தாள். அதில் நான்கு விரல் ஆழத்துக்குத் தெளிந்த நீர்.

"டெய்லி கொட்டிடுவேன். நாக்குல வெச்சுப் பாரு."

இனியா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிற்று. "இதான்! இதான் அத்தை!" என்று கத்தினாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சத்தம் போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, சூடான சோயாப் பாலில் ஸ்பூன் ஸ்பூனாக விட்டோம். மூன்றாவது ஸ்பூனில் பால் மேகம் மாதிரிப் பிரிந்தது. இடியாப்பத் தட்டில் துணி விரித்துக் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்தாள் அண்ணி. "மீனுல தண்ணி வாங்குற மாதிரிதான் இதுவும். தண்ணி போனாத்தான் மசாலா ஏறும்" என்றாள். ஒரு மணி நேரத்தில் கையில் எடுத்தால் உடையாத கட்டி கிடைத்தது.

அதைத் தடிமனான துண்டுகளாக வெட்டி, வஞ்சிரத்துக்குக் கீறுவது போலக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், புளிக்கரைசல், சோம்பு அரைத்துத் தடவி அரை மணி ஊறவிட்டுத் தோசைக் கல்லில் போட்டாள் அண்ணி. மீன் பொரித்த கல் வேண்டாம் என்று இனியா சொல்வதற்கு முன்பே புதுக் கல் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மீதியை மீன் போடாத மீன் குழம்பில், இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு போட்டாள். அன்று நான் மீன் குழம்பில் போட்டது மட்டுமில்லை, முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டதும் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

இனியா நான்கு துண்டு சாப்பிட்டாள். அண்ணன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் தட்டில் மீன் இல்லை. ஒரு டோஃபுத் துண்டை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். பிறகு, "குழம்பு நல்லா ஏறியிருக்குது" என்று இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

"மாமா, நான் அன்னைக்கு சொன்ன வார்த்தை..."

"வுடு. தமிழ் உனக்கு அவ்ளோதான் வருது. நான் வேலைக்குப் போவணும், நீ சாப்புடணும். அவ்ளோதான்."

மீதி இருந்த மூன்று வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் டோஃபுதான். மருந்துக் கடை எடை மெஷின் பக்கமே நான் போகவில்லை. போகாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

7

செப்டம்பரில் அதே அறை, அதே அம்மாள். மருத்துவர் தாளில் எடை ஜூன் மாதத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், இனியாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நானும் ரவியும் வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்தோம்.

கருவாட்டுப் பொடியை நான் ரவியிடம்கூட முதல்நாள்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அது வெளியே வந்தால், பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் சாப்பாட்டில் கலந்த தாய் என்று அந்தக் கோப்பில் ஏறும். சொல்லாதே என்று இனியாவிடம் கேட்டிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம். ரவி என் கையைப் பிடித்திருந்தார்.

கதவு திறந்தது. அதிகாரி அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டு, கோப்பை முடித்துவைப்பதாகவும், மூன்று மாதத்துக்கு மருத்துவர் மட்டும் எடை பார்த்தால் போதும் என்றும் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்குக் கை கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "என்னா கேட்டாங்க?"

"எல்லாம்."

"நீ என்னா சொன்ன?"

"எல்லாம் சொன்னேன்."

"பொடியையுமா?"

"ஆமா. அப்புறம் நீ எங்கிட்ட மன்னிப்பு கேட்டதையும் சொன்னேன். அவங்க அதைத்தான் ரெண்டு வாட்டி சொல்லச் சொன்னாங்க." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ் வர இன்னும் ஏழு நிமிஷம் என்று பலகையில் ஓடியது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எரிச்சலாக, ஜெர்மனில் என்னிடம் ஏதோ சொன்னாள். ரவி மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கே புரிந்தது. பசிக்கிறது என்றாள்.